சட்டி பேசினால்தான் சொல்வாள்

எனக்கு எழுபத்து மூன்று வயது நடக்கிறது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். பெற்றது நாலு, செத்துப்போன தங்கை விட்டுப் போனது மூன்று. கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்து, சிதம்பரம் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்று, அந்தக் கூடையிலிருந்தே ஒரு விசைப்படகைத் தூக்கி நிறுத்தியவள் நான். படகு இன்றைக்கும் என் பேரில்தான் இருக்கிறது. எழுத்து எனக்குக் கையெழுத்துப் போடவும், பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிக்கவும்தான் வரும். அதனால் நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். பள்ளிக்கூடத் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

சொல்லப் போவது ஒரு பெண்ணைப் பற்றி. பெயர் போட மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது, வரும். எங்கள் தெருவில் அவளுக்கு வைத்த பெயர் தெரியாதக்கா. எதைக் கேட்டாலும் 'தெரியாதும்மா' என்பாள், அதனால்.

அவளை முதலில் பார்த்தது மீன் ஏலக்கூடத்தில். முக்காடு போட்ட ஒல்லியான பெண். கிள்ளைப் பக்கம் சொந்த ஊர், சிதம்பரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. கூட ஓர் அதிகாரி வந்திருந்தார். மேசை மேல் ஒரு பெட்டி. பக்கத்தில் வெள்ளையாக, சட்டியைக் கவிழ்த்து வைத்தது மாதிரி ஒன்று. படகின் உச்சியில் அந்தச் சட்டியை மாட்டினால் அது வானத்தில் நிற்கும் சாட்டிலைட்டோடு பேசுமாம். சாட்டிலைட் சிதம்பரத்தில் அவள் இருக்கும் அறையோடு பேசுமாம். செல்போன் எடுக்காத ஆழக்கடலில் இருக்கிறவனுக்கும் கரையிலிருந்து செய்தி போகும், அவன் படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குத் தெரியும். ஆராய்ச்சிக்காகச் சில படகுகளில் மாட்டித் தருகிறோம் என்றார் அதிகாரி.

எங்கள் பக்கத்து வீட்டு ஏழுமலை எழுந்தான். அவன் எழுந்தால் கூட்டம் சீக்கிரம் முடியாது.

"சார், இது நேவிக்காரன் எங்கள வேவு பாக்குற பெட்டிதானே?"

"சேச்சே, யாருமே பாக்க மாட்டாங்கப்பா."

"பாக்கலாம்" என்றாள் அந்தப் பெண்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"ராணுவத்துக்குன்னு தனியா சாட்டிலைட் இருக்கு. அது என்னா பாக்குதுன்னு எனக்குத் தெரியாது. இந்தப் பெட்டி சொல்றத அவுங்க கேட்டா நாங்க குடுக்கணும். கேப்பாங்களான்னும் தெரியாது."

"யக்கா, விக்க வந்த சரக்க நாறுதுன்னு நீயே சொல்றியே!" என்றான் ஏழுமலை. கூடமே சிரித்தது. பிறகு பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

என் கடைசி மகன் செல்வம்தான் எங்கள் படகை ஓட்டுகிறான். "கெளம்பலாம்மா" என்றான். நான் அசையவில்லை.

"நம்ம படகுல மாட்டச் சொல்லு."

"பாப்பாங்கன்னு அந்தப் பொண்ணே சொல்லுது."

"அதனாலதான்டா மாட்டச் சொல்றேன்."

ஐஸில் கிடந்த மீனை இப்போதுதான் பிடித்தது என்று சொல்லி விற்கிறவர்கள் நடுவில் ஆயுசு முழுக்க உட்கார்ந்திருந்தவள் நான். ஐஸ் மீனை ஐஸ் மீன் என்று சொல்கிற ஆளைப் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியும். எங்கள் படகில் மாட்டியதைப் பார்த்துவிட்டு, வாய் ஓயாமல் ஏசிக்கொண்டே ஏழுமலையும் ஒன்று மாட்டிக்கொண்டான்.

பெட்டியைப் பார்க்க அவள் அடிக்கடி துறைமுகத்துக்கு வருவாள். வந்தால் எங்கள் வீட்டில்தான் டீ. குழம்பு எப்படி என்று கேட்டால் "உப்பு கம்மிம்மா" என்பாள். மருமகள் கலா அப்போது இரண்டாவதை உண்டாகியிருந்தாள். வயிற்றைத் தடவிக்கொண்டு, "அக்கா, நீ படிச்சவ. பாத்தா பையன் மாரி தெரியுதா பொண்ணு மாரி தெரியுதா?" என்று ஆசையாகக் கேட்டாள். அவள் வயிற்றை நன்றாகப் பார்த்துவிட்டு, "பாதிக்குப் பாதி" என்றாள். எதிர்வீட்டுக்காரி தன் மகள் பரீட்சையில் பாஸ் ஆவாளா என்று கேட்டு வந்தாள்.

"படிச்சாளா?"

"எங்க படிக்கிறா, போனத்தான் நோண்டுறா."

"அப்ப கஷ்டம்தான்."

எதிர்வீட்டுக்காரி அதற்கப்புறம் அவள் இருக்கும்போது எங்கள் வாசற்படி ஏறவில்லை. கலா என்னிடம் முணுமுணுத்தாள்: "நல்லதா ஒரு வார்த்த சொன்னா நாக்கு வெந்துடுமா அத்தே இவளுக்கு?"

எனக்கும் சில நேரம் அப்படித்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் ஏதோ தராசுப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஒரு சாயங்காலம் வடக்கே ஆந்திரக் கரையிலிருந்து ராக்கெட் விட்டார்கள். அதில் போகிற சின்ன சாட்டிலைட் ஒன்றில் அவர்கள் அறையில் செய்த சாமானும் இருந்தது. அது வேலை செய்தால் இன்னும் நிறையப் படகுகளுக்குப் பேச்சுப் போகுமாம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று பார்த்தோம். வடக்கு வானத்தில் தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு வெளிச்சம் எழுந்து, வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே போயிற்று. சனம் மொத்தமும் கை தட்டியது. அவள் கை மட்டும் முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"தட்டேண்டி, உங்க சாமான்தானே போவுது!"

"இன்னும் இல்லம்மா. அது மேல போயி, ராக்கெட்ட விட்டுப் பிரிஞ்சி, ரெக்கைய விரிச்சி, கீழ பாத்து ஒரு வார்த்த பேசணும். அப்ப தட்டுறேன்."

மறுநாள் டீக்கடைப் பேப்பரில் வெற்றி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததாகச் சொன்னார்கள். கொஞ்ச நாள் கழித்து சிதம்பரம் மார்க்கெட்டில் என் கூடைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"மேல இருக்கும்மா. சுத்துது. பேசல."

"செத்துப் போச்சா?"

"தெரியாது. பேசல. அவ்ளோதான் தெரியும்."

நான் மீனைத் துடைத்துக்கொண்டே கேட்டேன், ஏன்டி இப்படி இருக்கிறாய், சனங்களுக்கு ஆறுதலாக ஒரு பேச்சு வராதா உனக்கு என்று.

"எங்க அத்தா வெளிநாட்டுல இருந்தாரு. அடுத்த பெருநாளைக்கு வந்துடுவாரு, அடுத்த பெருநாளைக்கு வந்துடுவாருன்னு சொல்லித்தான் என்னைய வளத்தாங்க. சொன்னவங்க எல்லாம் நல்லவங்கதாம்மா."

அவள் அப்பா வந்தாரா என்று நான் கேட்கவில்லை.

இனிமேல் சொல்லப் போவதை நான் தெருவில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

அந்த வருஷம் ஆயுத பூசை முடிந்து படகுகள் கடலுக்குப் போயிருந்தன. செல்வமும் ஆட்களும் தெற்கே ஆழத்தில் இருந்தார்கள். புயல் சின்னம் என்று செய்தி வந்தது. முதலில் வேறு எங்கோ போகும் என்றார்கள், பிறகு கடலூர் என்றார்கள். சட்டி மாட்டிய படகுகளுக்கெல்லாம் சிதம்பரத்திலிருந்து திரும்பி வரச் சொல்லிச் செய்தி போனது. மற்ற எல்லாப் படகும் பதில் சொன்னது. எங்கள் படகு சொல்லவில்லை.

துறைமுகத்தில் கேட்டவர்கள் எல்லாம் "வந்துடுவான், கவலைப்படாத" என்றார்கள். எத்தனை பேர் சொன்னார்களோ அத்தனைக்கும் எனக்குப் பயம்தான் ஏறியது. விடிந்ததும் கலாவைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். வயிற்றுப்பிள்ளைக்காரி, வராதே என்றால் கேட்கவில்லை. முட்லூர் தாண்டும்போது காற்றில் பஸ்ஸே சாய்ந்து சாய்ந்து போயிற்று. வெள்ளாற்றுத் தண்ணீர் பாலத்துக்குக் கீழே மண் நிறத்தில் புரண்டது.

ஆராய்ச்சிக்கூடத்தில் தெரியாதக்கா ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் கடல். கடலில் சின்னச் சின்னப் புள்ளிகள். புள்ளி ஒவ்வொன்றும் ஒரு படகு. அந்த ஏலக்கூடத்து அதிகாரியும் அங்கே நின்றிருந்தார்.

"எம் புள்ள உசுரோட இருக்கானா?"

"தெரியாதும்மா. பேசல."

மார்க்கெட்டில் சொன்ன அதே வார்த்தை. கலா கத்தினாள்.

"வந்துடுவாருன்னு சொன்னா உன் சொத்தா கொறஞ்சி போயிடும்? உங்க சாமி பேரயாவது சொல்லி ஒரு வார்த்த சொல்லேன்க்கா!"

"அல்லா நாடினா வருவாரு. ராத்திரிலேருந்து அதத்தான் துவா கேக்குறேன். ஆனா அது நான் கேக்குறது, கலா. தெரிஞ்சது இல்ல." அவள் எங்களை உட்காரச் சொன்னாள். "தெரிஞ்சத சொல்றேன், கேளுங்க. உங்க படகு சட்டி புயலுக்கு முன்னாடியே பேசல. இந்தத் தடவ கரைய விட்டுக் கெளம்புனதுலேருந்தே பேசல. மீன் இருக்குற எடம் மத்தவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சில பேரு பெட்டிய நிறுத்தி வெப்பாங்க. இவுங்களும் அப்புடித்தான்னு நெனச்சேன். விசாரிக்காம நெனச்சது என் தப்பு. கரையில இருக்கும்போது பெட்டிக்கு என்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல" என்றேன். "பூசை போட்டாங்க. அவ்வளவுதான்."

"பூசைக்கு என்னா பண்ணாங்க?"

கலா அழுதுகொண்டே சொன்னாள். சந்தனம் பூசினார்கள், வாழைக்கன்று கட்டினார்கள், மாலை போட்டார்கள், சட்டிதான் உச்சியில் இருக்கிறது என்று அதை முழுக்க ஜிகினாத் தாளால் சுற்றினார்கள்.

"காயிதமா, பளபளன்னு வெள்ளி மாரி இருக்குமே, அதா?"

"அதான். நாலஞ்சி சுத்து. கலசம் மாரி இருந்திச்சி."

"யாரும் பிரிக்கலியா?"

"பூசைக்குக் கட்டுனத கையால பிரிக்கக் கூடாதுல்ல" என்றேன். எங்கள் துறைமுகத்தில் அது வழக்கம். கட்டியது கடல் காற்றில் தானாகக் கிழிந்து போக வேண்டும். பிரித்தால் படகுக்கு ஆகாது. என் வீட்டில் அதைக் கண்டிப்பாகப் பார்ப்பேன்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். அந்தத் தாளில் உலோகம் பூசியிருக்கிறது, அதைத் தாண்டிச் சட்டியின் பேச்சு மேலே போகாது, மேலே இருந்து வருவதும் உள்ளே இறங்காது என்றாள். அதாவது செல்வத்துக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை.

"வானத்தப் பாத்து அவனே கெளம்பியிருப்பான்" என்றேன்.

"கெளம்பியிருப்பாரு. அதுதாம்மா பயம். எல்லாரும் வீட்டப் பாத்துதான் ஓடுவாங்க. இந்தத் தடவ புயல் வீட்டுப் பக்கம்தான் ஏறுது. மத்த படகயெல்லாம் தெக்கே கிள்ளைப் பக்கம் எறங்கச் சொல்லிட்டோம்."

அதைக் கேட்டதும் கலா அழுகையை நிறுத்திவிட்டாள்.

திரையில் தெற்கே இருந்த ஒரு புள்ளியை அவள் தொட்டாள். ஏழுமலை. அவனிடம் வாக்கிடாக்கி உண்டு, செல்வத்திடமும் உண்டு. கொஞ்ச தூரம்தான் எடுக்கும். செல்வம் அந்தத் தூரத்துக்குள் இருக்கிறானா என்று யாருக்கும் தெரியாது. அவள் தட்டினாள், தட்டத் தட்ட எனக்குப் படித்தும் காட்டினாள்: "நீங்க திரும்ப வேணாம். போய்க்கிட்டே செல்வம் படக வாக்கியில கூப்பிடுங்க. கடலூருக்கு வராத, கிள்ளைக்கு எறங்குன்னு சொல்லுங்க. சட்டி மேல சுத்துன ஜிகினாவ கிழிக்கச் சொல்லுங்க."

"ஜிகினாதான்னு உறுதியா தெரியுமா?" என்றார் அதிகாரி.

"தெரியாது சார். அனுமானம்தான்." அனுப்பிவிட்டாள்.

ஏழுமலையின் பதில் வந்தது. 'கூப்புடுறேன்.' பிறகு வெகு நேரம் கழித்து இன்னொன்று. 'கூப்ட்டுகினே இருக்கேன். பதில் காதுல வுழல. அவன் காதுல வுழுதான்னு தெரியாதக்கா.' அந்த நிலைமையிலும் அவன் அந்தப் பெயரை விடவில்லை.

வெளியே மரக்கிளை முறியும் சத்தம். கரண்ட் போய், ஜெனரேட்டர் உறுமி, திரை மறுபடி வந்தது. யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆறி ஆடை படிந்தது. நான் என் வாழ்நாளில் எத்தனையோ தடவை கரையில் காத்திருந்திருக்கிறேன். கடலைப் பார்த்துக் காத்திருப்பது பழக்கம். சுவரைப் பார்த்துக் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

திடீரென்று அவள் நாற்காலியை முன்னால் இழுத்தாள். கடலில் ஒரு புதுப் புள்ளி.

"வந்துட்டாரா!" கலா எழுந்துவிட்டாள்.

"சட்டி பேசுது" என்றாள். "சட்டி மட்டும்தான். ஆளு இன்னும் பேசல."

"படகு நவுருதே!"

"அலை தள்ளுனாலும் நவுரும். உக்காரு கலா."

எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கை ஓங்கியும்விட்டேன். ஆனால் அவள் கையைப் பார்த்தேன். அந்தக் கை முக்காட்டு நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. முறுக்கிய இடத்தில் துணி நூல் நூலாகப் பிரிந்திருந்தது. என் கை தானாக இறங்கிவிட்டது.

"செய்தி சட்டிக்குப் போயிடுச்சி" என்றாள். பிறகு, "படிச்சாங்களான்னு தெரியாது." புள்ளி வடக்கே, கடலூரைப் பார்த்தே போனது. இன்னும் கொஞ்சம் வடக்கே போனது.

பிறகு திரையில் ஒரு வரி வந்தது. அவள் படித்தாள். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அவள் அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

"என்னாடி? என்னா போட்டிருக்கு?"

"இருக்காங்கம்மா" என்றாள். "ஆனா உங்ககிட்ட சொல்ல வேணாம்னு போட்டிருக்காரு."

"என்னாத்த சொல்ல வேணாம்?"

அவள் அதிகாரியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கேட்டால் சொல்லாமல் இருக்க அவளுக்கு வராது.

"'ஜிகினாவ கிழிச்சிட்டோம். எங்க அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, கொன்னுடும்.'"

கலா சிரித்தாள், அழுதாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அந்த ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். திரையில் அந்தப் புள்ளி மெதுவாகத் தெற்கே வளைந்தது.

"இனிமே கரைக்கு வந்துடுவான்ல?"

"கரை இன்னும் தூரம்மா."

மறுநாள் கிள்ளைக் கழிமுகத்தில் மழை விட்டிருந்தது. நாங்கள் எல்லாரும் அங்கே நின்றோம், அவளும் எங்களுக்குப் பின்னால் நின்றாள். படகு அலையாத்திக் காட்டுக்கு நடுவில் நுழைந்து வந்தது. உச்சியில் அந்தச் சட்டி, ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டு ஜிகினாவோடு. செல்வம் குதித்தான், ஆட்கள் ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். கலா ஓடினாள், பெண்கள் எல்லாம் கத்தினார்கள். கடைசி ஆள் சேற்றில் காலை வைத்த பிறகுதான் என் முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது.

"வந்துட்டாங்கம்மா."

"ஆமாம்டி, கண்ணு எனக்கும் இருக்கு" என்றேன். அவள் அப்போதுதான் கை தட்டினாள். மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி.

அடுத்த பூசைக்கு அவளே வந்து நின்று சொன்னாள். "சந்தனம் வெக்கலாம். பூ வெக்கலாம். ஜிகினா மட்டும் வேணாம்." எங்கள் துறைமுகத்தில் இப்போது சட்டிக்கு ஒரு பொட்டு, ஒரு முழம் பூ, அவ்வளவுதான். நான்தான் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

பிறகு ஒரு நாள் டீ குடிக்க வந்தவள், வேலை மாறிப் போகிறேன் என்றாள்.

"எந்த ஊரு?"

"சொல்லக் கூடாதும்மா."

"என்னா வேலை?"

"அதுவும்."

"ராணுவத்துக்கா?"

அவள் டீயைக் குடித்து முடித்தாள். "சர்க்கரை ஜாஸ்தி" என்றாள். வேறு யாராக இருந்தாலும் வாத்தியார் வேலை, பாங்கு வேலை என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஊரையே சொல்லக் கூடாத வேலை என்பதால்தான் இதில் அவள் பெயரை நான் போடவில்லை.

"மறுபடி வருவியாடி?"

"தெரியாதும்மா."

தெரு முனை வரைக்கும் கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டேன்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெற்கே வானம் கறுத்திருக்கிறது. செல்வம் கடலில் இருக்கிறான். எழுதிக்கொண்டிருந்த பேத்தி பேனாவை வைத்துவிட்டு, "அப்பா வந்துடும்ல ஆயா?" என்று கேட்டாள். வந்துடுவான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"காத்தால சட்டி பேசிச்சி. செய்தி போயிருக்கு. உங்கப்பன் படிச்சிட்டுப் பதில் போட்டிருக்கான். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும், தாயி."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

"மொதல்லேருந்து படி. எங்கனா நான் கூட்டிச் சொல்லியிருந்தா நிறுத்து."